அக்ரிடின் ஆரஞ்சு சாயம்: வெள்ளை அணு பாக்க வாங்கினது, என்ர அனுபவம்

திருகோணமலை டவுன்ல ஒரு சின்ன லேப்லதான் எனக்கு வேலை, வருஷக்கணக்கா லீஷ்மன் ஸ்டெயின் எண்ட வழமையான ரத்தச் சாயத்திலதான் டிஃபரன்ஷியல், அதாவது வெள்ளை அணுவில எந்த வகை எவ்வளவு எண்டு, எண்ணுறனான். நீல எல்ஈடி பூட்டின மைக்ரோஸ்கோப் ஒண்டு கிடைச்ச உடன, நீல வெளிச்சம் பட்டா ஒளிருற அக்ரிடின் ஆரஞ்சு பவுடர் 1 கிராம் கொழும்பிலயிருந்து எடுப்பிச்சன்.

சொன்னா நம்பமாட்டியள், ஒரு சொட்டு ரத்தம், ஒரு சொட்டு சாயம், மேல கவர்ஸ்லிப், அவ்வளவுதான், காய வைக்கிறதும் இல்ல கழுவுறதும் இல்ல. சிவப்பு அணுவுக்கு கரு இல்லாதபடியா அது ஒளிராது, இருட்டுக்குள்ள வெள்ளை அணு மட்டும் மினுங்கும். சாயம் டிஎன்ஏயோட ஒட்டினா பச்சை, ஆர்என்ஏயோடயும் லைசோசோம் எண்ட, அணுவுக்குள்ள இருக்கிற அமிலப் பைக்குள்ளயும் சேர்ந்தா செம்மஞ்சள். வெள்ளை அணு வகையளில, நியூட்ரோபில்ல கரு மூண்டு நாலு துண்டா பச்சையா, சுத்தி செம்மஞ்சள் மணி மணியா துடிச்சுக்கொண்டு நிக்கும், லிம்போசைட் எண்டா அணு முழுக்க உருண்டைப் பச்சைக் கருதான், மொனோசைட்டின்ர கரு அவரைக்கொட்டை மாதிரி வளைஞ்சிருக்கும். ஏஎல் பயோ படிக்கிற என்ர அண்ணன்ர மகள் பாத்திட்டு "சித்தப்பா, ராவில கடலுக்க துடுப்புப் போட்டா மினுங்குமே, அது மாதிரி இருக்கு" எண்டாள். அவளுக்கு புத்தகத்தில விளங்காதது அண்டைக்கு விளங்கிட்டுது.

குறையும் இருக்கு. கெதியா மங்கிடும், ஒரே இடத்தில லைட்டை வச்சுக்கொண்டு நிக்கேலாது. லிம்போசைட்டில டி செல்லா பி செல்லா எண்டு இது சொல்லாது, அதுக்கு அந்த செல்லுகளில இருக்கிற சிடி3, சிடி19 எண்ட புரதங்களில ஒட்டுற, ஒளிரும் சாயம் பூட்டின ஆன்டிபாடிதான் வேணும், அது நல்ல விலை, 2 இலிருந்து 8 டிகிரிக்குள்ள இருட்டில வைக்கவும் வேணும், கரண்ட் போற நேரத்தில அதை நினைக்கவே பயமாக் கிடக்கு. டெங்கு காலத்தில ரிப்போர்ட் குடுக்க நான் இண்டைக்கும் லீஷ்மன்தான் பாவிக்கிறன்.

அனுப்பின ஆக்களில எனக்குக் கோவம். மூடி இறுக்காம வந்து போத்தல் வாயெல்லாம் செம்மஞ்சள் தூள். இது டிஎன்ஏக்குள்ளயே போய் ஒட்டுற சாமான், மரபணுவில மாற்றம் உண்டாக்கக் கூடியது, இப்பிடியா அனுப்புறது? கிளவுஸ் போட்டுத்தான் பெட்டியைத் திறவுங்கோ.

1 மில்லிக்கு 1 மில்லிகிராம் எண்டு ஸ்டொக், அதாவது செறிவான மூலக் கரைசல், கரைச்சா ஒரு லீட்டர் வரும், அதையும் நூறு மடங்கு ஐதாக்கித்தான் பாவிக்கிறன். படிப்பிக்கிற ஆக்கள் கட்டாயம் வாங்குங்கோ. கரைச்ச போத்தலுக்கு வெளிச்சம் படாம மறக்காம போயில் சுத்தி வையுங்கோ.