பின்பக்க ஸ்விட்ச்சுக்காகவே வாங்கிய டார்ச்

இரவுக் காவல் வேலையில் டார்ச்சைத் தோள் உயரத்தில் பிடித்தபடிதான் நடப்பேன். அப்போது கட்டைவிரல் போய் உட்காருவது பின்மூடியில். ஸ்விட்ச்சும் அங்கேதான் இருக்க வேண்டும். இந்த டார்ச்சில் அது கச்சிதம்: பாதி அழுத்தினால் எரிகிறது, விட்டால் அணைகிறது, 'டக்' என்று முழுக்க அழுத்தினால் நிலைத்து எரிகிறது. சில மாடல்களில் முழுதாக அழுத்தி விரலை எடுத்த பிறகுதான் வெளிச்சமே வரும். ஒரு சத்தம் கேட்டுத் திரும்பும் நேரத்தில் அது உதவாது.

பேட்டரி 18650 ரகம், 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அதிக சார்ஜ், ஷார்ட் ஆகாமல் காக்கும் பாதுகாப்பு சர்க்யூட் வைத்த செல் இன்னும் சில மி.மீ. நீளும், உள்ளே நுழைகிறதா என்று பார்த்து வாங்குங்கள். டைப்-சி வழியாக டார்ச்சிலேயே சார்ஜ் ஏறும், ஆனால் செல்லைக் கழற்றியும் மாற்றலாம். கழற்ற முடியாத டார்ச்சை இந்த வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். செல் போனால் டார்ச்சே போச்சு. அப்புறம், 18650 செல்லில் கொள்ளளவு 9900 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) என்று அச்சடித்திருந்தால் தொடவே வேண்டாம். நல்ல செல்லே 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

உச்ச வெளிச்சத்தில் சில நிமிடங்களில் தலைப்பகுதி சூடாகி, வெளிச்சம் தானாகக் குறைகிறது. எல்.இ.டி.யைக் காப்பாற்றத்தான் அப்படி, சரி. சார்ஜ் துளையின் ரப்பர் மூடிதான் தளர்வு. மழையில் அதை அழுத்திப் பார்த்துவிட்டே கிளம்புகிறேன்.