மெசூசா: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

யூத வீடுகளில் புதுமனை புகும்போது மெசூசா (வாசல் நிலைக்காலில் பொருத்தும், வேதவசனம் எழுதிய சுருள்) பரிசளிப்பவர்கள் பெரும்பாலும் உறையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். வெள்ளியோ ஒலிவ மரமோ, உறை வெறும் கூடு. உள்ளே சுருட்டி வைத்திருக்கும் 'கிளாஃப்' என்ற தோல்தான் மெசூசா. அதில் சோஃபேர் எனப்படும் எழுத்தர், வேதநூலான உபாகமத்தின் 6:4-9, 11:13-21 பகுதிகளை 22 வரிகளில், 713 எழுத்துகளாகக் கையால் எழுதுகிறார். மலிவு உறையோடு வரும் சுருள் பல சமயம் அச்சடித்த காகிதம், அது செல்லாது. கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதியைக் கிளாஃபுக்கே ஒதுக்குங்கள். வீட்டார் அஷ்கனாசியா (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத மரபு) செபராதியா (ஸ்பெயின் வழிவந்த யூத மரபு) என்று முன்பே கேட்டுவிடுங்கள். எழுத்தின் வடிவம் மாறும்.

10 செ.மீ. கிளாஃபுக்கு 12 செ.மீ. உறை சரியாக இருக்கும். ஒல்லியான உறைக்காக இறுக்கிச் சுருட்டினால் மை வெடிக்கும். எழுத்து உட்பக்கம் இருக்க, இடமிருந்து வலமாகத் தளர்வாகச் சுருட்ட வேண்டும்.

பொருத்த வேண்டிய இடம், நுழையும்போது வலப்பக்கம் வரும் நிலைக்காலில், அதன் மேல் மூன்றிலொரு பங்கின் அடிப்பகுதி. அஷ்கனாசிகள் மேல்முனை உட்புறம் சாயப் பொருத்துவார்கள், செபராதிகள் நேராக. குளியலறைக்கும் கழிப்பறைக்கும் கிடையாது. ஆசிமொழி சொல்லிப் பொருத்துவது வீட்டாரின் கடமை என்பதால், பரிசு தருபவர் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அறைக் கதவுகளில் இருப்பவை அதிகம் தொல்லை தராது. தெருவாசலில்தான் சிக்கல். வெயிலில் மை காய்ந்து உதிரும். பின்பக்கம் திறந்த உறையில் சுவரின் ஈரம் ஏறும். அங்கே அழகைவிட, நாற்புறமும் மூடிய பிளாஸ்டிக் உறைதான் தாங்கும். இரும்பு நிலையில் ஒட்டும் இருபக்க டேப், வெயில் படும் இடத்தில் இளகிவிடும். திருகாணி நல்லது, மேலும் கீழும் ஒவ்வொன்று. பெயிண்ட் அடிக்கும் முன் கழற்றாவிட்டால் உறை நிலையோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சோதனை ஏழு ஆண்டுக்கு இருமுறை என்பது விதி. வெளிவாசலுக்கு அது போதாது. பலர் செய்வதுபோல ஆண்டுதோறும் யூத நாட்காட்டியின் எலூல் மாதத்தில் சோஃபேரிடம் காட்டுவது மேல். ஓர் எழுத்து முழுதாக அழிந்திருந்தால் பின்னர் நிரப்ப முடியாது, ஏனென்றால் எழுத்துகளை வரிசை மாறாமல் எழுத வேண்டும். செல்லாமல் போனதைக் குப்பையில் போடாமல், பழைய புனித எழுத்துகளைச் சேர்த்துவைக்கும் 'கெனிசா'வில் சேர்ப்பார்கள், அங்கிருந்து புதைக்கப்படும்.

வீடு மாறும்போது அடுத்து வருபவர் யூதர் என்றால் மெசூசாவை விட்டுச் செல்ல வேண்டும். விலையுயர்ந்த உறையை மட்டும் எடுத்துக்கொண்டு, சாதாரண உறையில் கிளாஃபை வைத்துவிட்டுப் போகலாம்.