எக்ஸ்பாட்: ஒன்றையும் நினைவில் வைக்காத பார்சர்

உரையின் பகுதிகளை டேக் என்ற குறிகளால் அடையாளமிடும் வடிவம் எக்ஸ்எம்எல். அந்த வடிவக் கோப்பைப் பிரித்துப் படித்து நம் நிரலுக்குச் சொல்லும் மென்பொருள்தான் பார்சர்; எக்ஸ்பாட் அப்படி ஒன்று. அதற்கு விலை கிடையாது. யாரும் தாராளமாகப் பயன்படுத்தவிடும் எம்ஐடி உரிமத்தில் வருகிறது. பைதான் நிரல்மொழி நிறுவிய கணினியில் அது ஏற்கெனவே இருக்கும். கொடுத்த காசுக்குத் தகுமா என்று கேட்க வழியில்லை. கொடுக்கும் உழைப்புக்குத் தகுமா என்று கேட்கலாம். என் வேலைக்குத் தகும். எல்லார் வேலைக்கும் தகாது.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் இந்த மதிப்புரைக்குப் பொருள். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவள். இப்போது வீட்டிலிருந்தபடி ஒற்று மிகும் இடங்களுக்கு எடுத்துக்காட்டு திரட்டுகிறேன். "படித்துப் பார்த்தேன்" என்று எழுதுகிறவர்கள் எவ்வளவு, ஒற்றை விழுங்கிவிட்டு "படித்து பார்த்தேன்" என்று எழுதுகிறவர்கள் எவ்வளவு என்று எண்ண வேண்டும். அதற்குத் தமிழ் உரை மலையளவு வேண்டும். விக்கிமீடியா அறக்கட்டளை தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளை எக்ஸ்எம்எல் வடிவில், பிஇசட்2 முறையில் சுருக்கி, யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. அந்தக் கோப்பை, நாத்தனார் மகன் விட்டுப்போன நான்கு ஜிபி நினைவகம் கொண்ட மடிக்கணினியில் படித்தாக வேண்டும். இதுதான் சோதனைக்களம்.

எக்ஸ்எம்எல் கோப்பைப் படிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, முழு ஆவணத்தையும் மரமாக நினைவகத்தில் கட்டிக்கொண்டு, பிறகு வேண்டிய கிளைக்குப் போவது. டாம் என்பது அந்த வழி. கட்டிய மரம் கோப்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். என் மடிக்கணினியிடம் அதைக் கேட்பதே பாவம். இன்னொன்று, கோப்பை முதலிலிருந்து ஒரே ஓட்டமாகப் படித்துக்கொண்டு, "இதோ ஒரு டேக் திறக்கிறது, இதோ எழுத்து வருகிறது, இதோ டேக் மூடுகிறது" என்று அந்தந்தக் கணத்திலேயே நம் நிரலுக்குச் சொல்லிக்கொண்டே போவது. அச்சகத்தில் மூலப்படியை ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் மெய்ப்பில் ஒப்பு நோக்குவார்களே, அப்படித்தான். வாசிப்பவர் காற்புள்ளியையும் பத்தித் தொடக்கத்தையும்கூட வாய்விட்டுச் சொல்வார். ஆனால் மூன்று வரிக்கு முன்னால் என்ன சொன்னார் என்று அவரிடம் கேட்கக் கூடாது.

எக்ஸ்பாட் இந்த இரண்டாம் வகை. ஜேம்ஸ் கிளார்க் சி மொழியில் எழுதியது. எக்ஸ்எம்எல் 1.0, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்த 1998-ஆம் ஆண்டிலேயே இதுவும் வந்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம் டேவிட் மெகின்சன் முன்னின்று ஒருங்கிணைத்த சாக்ஸ் என்ற ஜாவா இடைமுகம், நிகழ்வுவழிப் படிப்புக்கு, அதாவது மேலே சொன்ன இரண்டாம் வழிக்கு, பொதுவான பெயர்களைத் தந்தது. எக்ஸ்எம்எல் படிக்கப் பைதானோடு வரும் சாக்ஸ், எலிமென்ட்ட்ரீ, மினிடாம் எல்லாவற்றுக்கும் அடியில் எக்ஸ்பாட்தான் ஓடுகிறது. "நான் எக்ஸ்பாட் பயன்படுத்துவதில்லை" என்கிற பைதான்காரர்களில் பலர் தெரியாமல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

தொடங்குவது எளிது. ஒரு பார்சரை உருவாக்கி, அதில் மூன்று ஹேண்ட்லர்களை (நிகழ்வு வந்ததும் அழைக்கப்படும் நம் நிரல்துண்டுகளை) பொருத்த வேண்டும்: டேக் திறந்தால் அழைக்க ஒன்று, மூடினால் அழைக்க ஒன்று, எழுத்து வந்தால் அழைக்க ஒன்று. பிறகு பிஇசட்2 கோப்பைத் திறந்து அப்படியே 'பார்ஸ்ஃபைல்' என்பதிடம் கொடுத்துவிடலாம். விரித்த கோப்பைத் தனியாக வட்டில் சேமிக்க வேண்டியதில்லை. ஓட்டம் தொடங்கியதும் நினைவகப் பயன்பாடு ஓர் அளவுக்கு ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது. கோப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது நகர்வதில்லை. மெதுவான பழைய கணினி வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

வேலை அதற்குப் பிறகுதான். விக்கி கோப்பில் ஒவ்வொரு கட்டுரைக்கும் 'பேஜ்' என்ற டேக். அதற்குள் தலைப்பு, பக்கம் எந்த வகை என்று சொல்லும் பெயர்வெளி எண், 'ஐடி'. அடுத்து 'ரிவிஷன்' டேக், அதற்குள்ளும் ஓர் 'ஐடி'. அதற்குள் பங்களிப்பாளர் டேக், அங்கும் ஓர் 'ஐடி'. மூன்றும் ஒரே பெயர். எக்ஸ்பாட் "ஐடி திறந்தது" என்று மட்டும் சொல்லும். யாருடைய ஐடி என்று சொல்லாது. ஆகவே திறக்கும் ஒவ்வொரு டேக்கையும் ஓர் அடுக்கில் போட்டு, மூடும்போது எடுத்து, நாம் எங்கே நிற்கிறோம் என்பதை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கின் உச்சிக்குக் கீழே 'பேஜ்' இருந்தால் கட்டுரையின் எண். 'ரிவிஷன்' இருந்தால் திருத்தத்தின் எண். நான்கு வரி நிரல்தான். இதைச் செய்ய மனமில்லாதவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

எழுத்து ஹேண்ட்லரைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ் உரையோடு பழகுகிறவர்களை அது தனியாகக் கடிக்கிறது.

ஒரு டேக்குக்குள் இருக்கும் உரை ஒரே தவணையில் வரும் என்று எக்ஸ்பாட் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வரி முடியும் இடத்தில் துண்டாகும். கோணக்குறி, மேற்கோள்குறி போன்றவை எக்ஸ்எம்எல்லில் '&'-இல் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் வடிவத்தில் எழுதப்பட்டிருந்தால் அவை ஒவ்வொன்றும் தனித் துண்டு. விக்கி உரையில் மேற்கோள் காட்டும் 'ரெஃப்' குறிகள் எல்லாம் இந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. ஆகவே துண்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. போதாததற்கு, கோப்பிலிருந்து ஒரு தடவைக்குப் படித்த தொகுதி எங்கே முடிகிறதோ அங்கேயும் துண்டாகும். அது சொல்லின் நடுவாகவும் இருக்கலாம்.

இப்போது "படித்துப் பார்த்தேன்" என்பதை நினைத்துப் பாருங்கள். தொகுதி 'து'வுக்கும் 'ப்'புக்கும் நடுவே முடிந்தால், முதல் தவணையில் "படித்து" வரும்; அடுத்த தவணையில் "ப் பார்த்தேன்" வரும். வருவது வரட்டும் என்று ஒவ்வொரு தவணையையும் அப்போதே சொற்களாகப் பிரித்து எண்ணும் நிரல், ஒழுங்காக எழுதியவரை ஒற்றை விட்டவர் கணக்கில் சேர்த்துவிடும். என் ஆய்வுக்கே உலை வைக்கும் காரியம் இது. இன்னும் நுணுக்கமாக, 'ப்' என்பதே யூனிகோடில் இரண்டு குறிகள்: 'ப'வும் புள்ளியும். வெட்டு அவற்றின் நடுவிலும் விழலாம். அப்போது முதல் தவணை "படித்துப" என்று முடியும். இரண்டாம் தவணை அனாதைப் புள்ளியோடு தொடங்கும். ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும்: யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், அந்த மூன்று பைட்டுக்கு நடுவே தொகுதி முடிந்தால் எக்ஸ்பாட் குறையை வைத்துக்கொண்டு, மீதி வந்ததும் முழுக் குறியாகவே தருகிறது. குறி உடையாது. எழுத்து உடையும்.

பைதானில் 'பஃபர் டெக்ஸ்ட்' என்றொரு பண்பு உண்டு. அதை இயக்கினால் துண்டுகளைச் சேர்த்துவைத்துத் தரும். சிலர் இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று எழுதுகிறார்கள். தீரவில்லை. அந்தச் சேமிப்பின் இயல்பான அளவு 8192 பைட். தமிழில் அது ஏறத்தாழ 2700 குறிகள். சற்றே நீண்ட கட்டுரை அதைத் தாண்டிவிடும். தாண்டியதும் மறுபடி தவணைதான். சரியான வழி ஒன்றே: வரும் துண்டுகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போய், மூடும் டேக் வந்த பிறகு ஒன்றாக இணைத்து, அதற்குப் பின்னரே சொல்லை எண்ணத் தொடங்குவது. 'பஃபர் டெக்ஸ்ட்' அழைப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். ஆகவே வேகத்துக்காக அதை இயக்கிவையுங்கள், சரித்தன்மைக்காக நம்பாதீர்கள்.

பேச்சுப் பக்கம், வார்ப்புரு, பயனர் பக்கம் எனக்கு வேண்டாம். விக்கி கோப்பின் வரிசை இங்கே கைகொடுக்கிறது. பெயர்வெளி எண் உரைக்கு முன்னாலேயே வந்துவிடுவதால், எண் பூச்சியம் இல்லை, அதாவது கட்டுரை இல்லை, என்று தெரிந்ததும் எழுத்து ஹேண்ட்லரையே கழற்றிவிடலாம். ஓட்டத்தின் நடுவே ஹேண்ட்லரை மாற்ற எக்ஸ்பாட் அனுமதிக்கிறது. கழற்றிவிட்டால் அந்த உரைக்காகப் பைதான் பக்கம் ஓர் அழைப்புகூட வராது. சி மொழி வேகத்தில் தாண்டிப் போய்விடும். அடுத்த 'பேஜ்' திறந்ததும் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் சாக்ஸ் இடைமுகத்தை விட்டு நேரடியாக எக்ஸ்பாட்டிடம் வந்தேன். இன்னொரு சிறு சுகம்: எலிமென்ட்ட்ரீயில் ஒவ்வொரு டேக் பெயருக்கும் முன்னால் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் எக்ஸ்எம்எல் பெயர்வெளி முகவரி (மேலே சொன்ன பக்க வகை எண் அன்று, ஓர் இணைய முகவரி) முழுவதும் அடைப்புக்குறியோடு ஒட்டிக்கொண்டு வரும். எக்ஸ்பாட்டை வெறுமனே உருவாக்கினால் 'பேஜ்' என்பது 'பேஜ்' என்றே வருகிறது.

ஆனால் சாக்ஸில் இருக்கும் ஒன்று இங்கே இல்லை. ஆவணம் தொடங்கியது, ஆவணம் முடிந்தது என்று இரண்டு நிகழ்வுகள் சாக்ஸில் உண்டு. எக்ஸ்பாட்டில் அவற்றுக்கு ஹேண்ட்லர் கிடையாது. இது அலங்காரக் குறை அன்று. நிகழ்வுவழிப் படிப்பில், கோப்பின் கடைசியில் பிழை இருப்பது கடைசியில்தான் தெரியும். பதிவிறக்கம் பாதியில் அறுந்த கோப்பாக இருந்தால், அறுந்த இடம் வரைக்கும் எல்லா நிகழ்வுகளும் ஒழுங்காக வந்து, நம் நிரலும் அவற்றை நம்பித் தரவுத்தளத்தில் எழுதியிருக்கும். பைதானின் சாக்ஸில் கோப்பு உடைந்திருந்தால் ஆவணம் முடிந்தது என்ற நிகழ்வு வருவதில்லை; ஆகவே அந்த ஹேண்ட்லருக்குள் மட்டும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கு 'கமிட்' (எழுதியதை நிலைப்படுத்தும் கட்டளை) கொடுத்தால் பாதிக் கணக்கு நிலைக்காது. எக்ஸ்பாட்டில் 'பார்ஸ்ஃபைல்' பிழையின்றித் திரும்பிய பிறகு அதை நாமே செய்ய வேண்டும்.

பிழைச் செய்திகள் சுருக்கமானவை. வரி எண், நிரை எண், ஒரு வாக்கியம். "மூடும் டேக் பொருந்தவில்லை", "முதன்மை உறுப்பு முடிந்த பிறகு குப்பை" என்ற பொருளில் வரும் அந்த ஆங்கில வாக்கியங்கள் எனக்குப் பிடித்தமானவை. மெய்ப்பின் ஓரத்தில் மூத்தவர்கள் கிறுக்கும் குறிப்புகளின் எரிச்சல் அவற்றில் இருக்கிறது. அதோடு நின்றுவிடும், அவ்வளவுதான். பிழையைத் தாண்டி மேலே படிக்காது. எக்ஸ்எம்எல் விதியே அப்படி. ஓட்டையான எச்டிஎம்எல் பக்கங்களை இதனிடம் கொடுத்துவிட்டு வசைபாடுகிறவர்களுக்கு என் அனுதாபம் இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் பதிப்பு எண் முக்கியம். ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்துப் பத்தாகப் பெருகும் சுருக்கப்பெயர்களை வரையறுத்து, ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான கோப்பைச் சில ஜிபியாக ஊதவைக்கும் 'பில்லியன் லாஃப்ஸ்' தாக்குதலை எக்ஸ்எம்எல்காரர்கள் அறிவார்கள். 2021-இல் வந்த 2.4.0 பதிப்பு முதல், வெளியீடு 8 மெபிபைட்டைத் தாண்டி, உள்ளீட்டைப்போல் நூறு மடங்குக்கு மேலும் ஊதினால் எக்ஸ்பாட் தானாக நிறுத்திவிடுகிறது. 2024-இல் வந்த 2.6.0 இன்னொரு துளையை அடைத்தது: மிகப் பெரிய ஒற்றை டேக்கைச் சிறு சிறு துண்டாக ஊட்டினால், ஒவ்வொரு துண்டுக்கும் முதலிலிருந்து படித்து நேரம் வர்க்கமாகப் பெருகிக்கொண்டிருந்தது. அதைத் தவிர்க்க இப்போது மறுபடிப்பைச் சற்றே தள்ளிப்போடுகிறது. விக்கி கோப்புக்கு இதில் வித்தியாசம் தெரியாது. எக்ஸ்எம்பிபி என்ற உடனடிச் செய்தி நெறிமுறையின் உரையாடல்போல் துளித்துளியாக வரும் ஓடையைப் படிப்பவர்களுக்கு ஒரு நிகழ்வு கொஞ்சம் தாமதமாக வரலாம். அவர்கள் அந்தத் தள்ளிப்போடலை அணைக்கும் வசதியைப் பார்த்துக்கொள்ளட்டும். என் கோப்பு நம்பிக்கையான இடத்திலிருந்து வருகிறது. யாரோ அனுப்பும் கோப்பைப் படிப்பவர்கள் தம் பைதானுக்குள் எந்த எக்ஸ்பாட் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இடையில் ஒரு வழியும் உண்டு: எலிமென்ட்ட்ரீயின் 'இட்டர்பார்ஸ்'. ஒவ்வொரு 'பேஜ்' மூடியதும் அதைச் சிறு மரமாகத் தருகிறது. அடுக்கு வேண்டாம், துண்டு சேர்க்க வேண்டாம். வேலை முடிந்ததும் அந்த மரத்தைக் காலி செய்ய மறந்தால் நினைவகம் நிரம்பிவிடும். காலி செய்தாலும் வேர் உறுப்பின் கீழ் வெறும் கூடுகள் சேர்ந்துகொண்டே இருக்கும், அவற்றையும் துடைக்க வேண்டும். கோப்பு நடுத்தர அளவு, கணினி ஓரளவு புதியது என்றால் நான் இதையே பரிந்துரைப்பேன். சில மெகாபைட் கோப்புக்கு எக்ஸ்பாட்டை எடுப்பது வீண் வேலை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று பைதான் ஆவணப் பக்கத்துக்கு: எழுத்து தவணையாக வரும் என்பது அங்கே போகிற போக்கில் சொல்லப்பட்டிருக்கிறது, தடித்த எழுத்தில் முதல் பத்தியில் இருக்க வேண்டியது. நான்கில் ஒன்று, நான் இன்னும் முழுதாகப் பயன்படுத்தாத ஒரு வசதிக்கு. ஒவ்வொரு நிகழ்வின்போதும் கோப்பில் எத்தனையாவது பைட்டில் நிற்கிறோம் என்று எக்ஸ்பாட்டிடம் கேட்கலாம். வட்டில் இடம் கிடைத்ததும் கோப்பை விரித்துவைத்து, ஒவ்வொரு கட்டுரையும் தொடங்கும் பைட் எண்ணைக் குறித்துக்கொள்ளப் போகிறேன். பட்டியலில் ஐயமான வாக்கியம் வரும்போது மூலக் கட்டுரையை நேராகத் திறந்து பார்க்க அது போதும்.