லேசிங் நூலா, கேபிள் டையா? விமான ஒயர் கட்டுறதுல என் ஓட்டு எதுக்கு

செவ்வாய்ப் பொங்கலுக்கு கானாடுகாத்தான் வந்திருந்தப்ப அண்ணன் மகன் ஒரு கேள்வி கேட்டான். விமானப் பராமரிப்பு படிக்கிறான், இப்ப ரெண்டாவது வருஷம். "சித்தப்பா, கேபிள் டை போட்டா ரெண்டு செகண்டுல வேலை முடியுது, எதுக்கு இன்னும் நூல வச்சு முடிச்சுப் போடச் சொல்லி உயிர எடுக்குறாங்க?" வளவுல உக்காந்து ரொம்ப நேரம் பேசினோம். அதத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா போன வருஷம் இதே முடிவ நானும் எடுக்க வேண்டி வந்துச்சு.

நான் வேலை பாக்குறது ஒத்தை இன்ஜின், நாலு சீட்டு ட்ரெயினர் விமானங்கள்ல. ஒரு நாள், நூறு மணி நேரம் பறந்ததும் செய்ற இன்ஸ்பெக்‌ஷன். இன்ஸ்ட்ருமென்ட் பேனலுக்குப் பின்னாடி டார்ச்ச அடிச்சுப் பாத்தா வெள்ளை ஒயர் மேல கறுப்பா கொஞ்சம் தூள். வெள்ளை ஒயர்ல கறுப்புத் தூள் இருந்தா எங்கயோ எதோ உரசுதுன்னு அர்த்தம். கையவிட்டுத் தடவிப் பாத்தேன், முன்னாடி யாரோ போட்டிருந்த நைலான் டை ஒண்ணு பூட்டுக்கிட்ட உடைஞ்சு கீழ கெடக்குது, அது பிடிச்சிருந்த ஒயர் கட்டு தொங்கி கன்ட்ரோல் காலம் (பைலட் பிடிச்சு ஓட்டுற பிடி) குழாய் மேல படுத்திருக்கு. பைலட் அந்தப் பிடிய இழுக்க இழுக்க, தள்ளத் தள்ள குழாய் முன்னாடி பின்னாடி போயி ஒயர அறுத்துக்கிட்டே இருந்திருக்கு. ஒரு ஒயர்ல இன்சுலேஷன் போயி உள்ள தகரப் பூச்சுள்ள செம்பு பளபளன்னு தெரியுது. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அந்த ஹார்னஸ, அதாவது அந்த ஒயர் கட்டு முழுசையும், மறுபடி கட்டணும்னு முடிவாச்சு. அப்ப வந்த கேள்விதான் நூலா டையாங்குறது.

விலை, வேகம் பத்தி ரொம்பப் பேச ஒண்ணுமில்ல. டை வேகம், யார் வேணா போடலாம். நூல் கட்ட நேரம் ஆகும், கத்துக்கணும். ஆனா நூல் ஒரு ரோல் 500 கஜம் வரும், சின்ன விமானத்துக்கு வருஷக் கணக்குல ஓடும். எடையும் நூல்தான் கம்மி. இன்னொண்ணு, டையோ நூலோ ஒயர் கட்ட ஒண்ணா சேத்து வைக்கத்தான், தாங்குறது ரப்பர் மெத்தை வச்ச கிளாம்ப் வேலை. 24 இஞ்சுக்குள்ள ஒரு கிளாம்ப், ரெண்டு கிளாம்புக்கு நடுவுல கையால லேசா அழுத்தினா அரை இஞ்சுக்கு மேல தொய்யக் கூடாது. கிளாம்புக்கும் கிளாம்புக்கும் 12 இஞ்சுக்கு மேல இடைவெளி இருந்தா நடுவுல கட்டுப் போடணும். இது ரெண்டு கட்சிக்கும் பொது.

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்த விஷயம் வேற. இன்னிக்குக் கட்டுறது எப்படின்னு இல்ல, அஞ்சு வருஷம் கழிச்சு இன்னொருத்தன் அத திறந்து பாக்குறப்ப எப்படி இருக்கும்ங்குறது.

டைய எடுத்துக்கோங்க. சாதாரண நைலான் டை 85 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான். நைலானுக்கு காத்துல இருக்கிற ஈரம் கொஞ்சம் வேணும், சூட்டுல அது காஞ்சு போச்சுன்னா வளையாது, மொறுமொறுன்னு ஒடியும். வெயில் பட்டா அதவிட மோசம். இத நம்ம ஊர்லயே பாக்கலாம், எங்க வீட்டு மொட்டை மாடியில தண்ணி டேங்க் ஒயர வெள்ளை டேக் போட்டுக் கட்டியிருந்தோம் (இங்க எலக்ட்ரிக் கடையில டேக்னு கேட்டாதான் குடுப்பாங்க), ரெண்டு கோடை தாங்கல, கை வச்சதும் பொடிப்பொடியா உதிருது. கறுப்பு டை வெயிலுக்குக் கொஞ்சம் தாங்கும். இ.டி.எஃப்.இ-ங்கிற சூடு தாங்குற பிளாஸ்டிக்ல செஞ்ச நீலக் கலர் டை 150 டிகிரி வரைக்கும் தாங்கும், ஆனா அந்த விலைக்கு வாங்கிக் குடுங்கன்னு கேட்டா ஸ்டோர்ஸ்ல மூஞ்சியப் பாப்பாங்க.

அப்புறம் அந்த வால். டைய இறுக்கிட்டு வால வெட்டணும், அதுக்குன்னே இருக்கிற டை கன் வச்சு வெட்டினா பூட்டோட மட்டமா வெட்டும், அவசரத்துல கட்டிங் பிளையர்ல சாய்வா வெட்டினா நுனி பிளேடு மாதிரி நிக்கும். அடுத்து கைய விடுறவன் முழங்கைய கிழிச்சுக்கும், என் கையில தழும்பே இருக்கு, அதே நுனி பக்கத்து ஒயரையும் சுரண்டும். பூட்டுத் தலை வேற முட்டிக்கிட்டு நிக்கிறதால பக்கத்துல போற கட்டு அது மேல உரசும். கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) மேல டைய இறுக்கினா உள்ள இருக்கிற பிளாஸ்டிக் நசுங்கி ரேடியோ சிக்னலே கெடும். அமெரிக்க விமானத்துறை அமைப்பு எஃப்ஏஏ சொல்றதும் இதுதான்: அறுந்தா ஒயர் கட்டு நகர்ந்து அடிபடக்கூடிய இடம், துண்டு விழுந்து ஓடுற பாகத்துல சிக்கக்கூடிய இடம், அதிர்வு அதிகமான இடம், வீல் வெல் (சக்கரம் உள்ள போற குழி), ஃபிளாப் (இறக்கையோட பின்பக்க மடல்) பக்கம், இங்கெல்லாம் பிளாஸ்டிக் டை வேணாம். எங்க விமானத்துல கன்ட்ரோல் காலம் பக்கத்துல டை போட்டது முதல் ரெண்டுக்கும் அப்படியே பொருந்துது.

நூலுக்கு வருவோம். நூல்னு பேச்சுக்குச் சொல்றேன், அது தட்டையான நாடா, நைலான்லயும் பாலியஸ்டர்லயும் வரும், சூடான இடத்துக்கு நோமெக்ஸ்ங்கிற சூடு தாங்குற இழை. தட்டையா இருக்கிறதால ஒயர் மேல அழுத்தம் பரவும், ஒரே இடத்துல கடிக்காது. கட்ட ரெண்டு சுத்து சுத்தி கிளவ் ஹிட்ச், அது மேல ஒரு ஸ்கொயர் நாட், நுனிய கால் இஞ்ச் போல விட்டு வெட்டணும், அவ்வளவுதான். கிளவ் ஹிட்ச் தன்னையே தான் நெரிச்சுப் பிடிச்சுக்கும், அதுதான் சூட்சுமம். ஸ்கொயர் நாட்டுக்குப் பதிலா தப்பா மாத்திப் போட்டா முடிச்சு நழுவிடும், ஆரம்பத்துல எல்லாரும் செய்ற தப்பு இதுதான்.

இத அண்ணன் மகனுக்குச் சொல்லிக்குடுக்க எங்க அப்பத்தாதான் உதவி. முல்லையை வாழைநார்ல கட்டிக்கிட்டு இருந்தாங்க, "நார நனைச்சுக்க, இல்லாட்டி பூவ அறுத்துரும், ரொம்பவும் இறுக்காத, காம்பு ஒடியும், விட்டா உதுந்துரும்"னாங்க. ஒயர் கட்டுறதுக்கும் இதே அளவுதான்: கட்டு நழுவக் கூடாது, இன்சுலேஷன் பதியவும் கூடாது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு, பூ ஒரே நார்ல தொடர்ச்சியா போகும். ஒயர்ல அப்படிப் பின்னிக்கிட்டே போறது பேனல், ஜங்ஷன் பாக்ஸ் உள்ளதான் சரி, மத்த இடத்துல தனித்தனி முடிச்சு. ஒண்ணு அவுந்தா மத்தது நிக்கணும்ல.

பராமரிப்புல நூல் ஜெயிக்கிறது இங்கதான். புதுசா ஒரு ஒயர் சேக்கணும்னா முடிச்சுக்குக் கீழ சின்ன கத்தரிய விட்டு வெட்டி எடுத்து, சேத்து, மறுபடி கட்டிரலாம். தலை, வால் எதுவும் முட்டாததால டார்ச் அடிச்சா ஒயர் முழுசும் தெரியுது, எங்க பதிஞ்சிருக்கு, எங்க நிறம் மாறியிருக்குன்னு கண்ணாலயே பாத்துரலாம். இன்ஸ்பெக்‌ஷன்ல பாதிக்கு மேல கண்ணுதான். செவ்வாய் கிரகத்துல 2012-ல இறங்கின கியூரியாசிட்டி ரோவர் படங்களப் பெருசாக்கிப் பாருங்க, அதுலயும் இதே முடிச்சுதான்.

இவ்வளவு பயம் எதுக்குன்னு கேட்டான். 1998 செப்டம்பர் 2-ம் தேதி ஸ்விஸ் ஏர் 111, எம்டி-11 விமானம், கனடா நோவா ஸ்கோஷியா பக்கம் கடல்ல விழுந்து 229 பேர் செத்தாங்க. காக்பிட் பக்கம் கூரைக்கு மேல ஒயர்ல பொறி கெளம்பி, பக்கத்துல இருந்த இன்சுலேஷன் போர்வையோட உறை பத்திக்கிச்சுன்னு விசாரணை சொல்லுச்சு. விட்டு விட்டு வர்ற பொறிக்கு சாதாரண பிரேக்கர் விழாமலே போகலாம், அது சூட்டுக்கு விழுறது. கறுப்புத் தூள பாத்தப்ப எனக்கு அந்த ஞாபகம்தான் வந்துச்சு.

ஆனா நூல் எல்லா இடத்துக்கும் சரின்னு சொல்லமாட்டேன். ரெண்டு கையும் நுழையாத சந்துல முடிச்சு ஒழுங்கா விழாது, மோசமான முடிச்சுக்கு ஒழுங்கா வெட்டின டை எவ்வளவோ மேல். பெஞ்சுல ஹார்னஸ் அடுக்குறப்ப முதல்ல டை போட்டு வடிவத்த நிறுத்திட்டு, நூல் கட்டக் கட்ட ஒவ்வொண்ணா வெட்டி எடுப்பேன், அதுக்கு டைய விட்டா வேற இல்ல. வெட்டின துண்டுகள எண்ணி டப்பாவுல போடணும், விமானத்துக்குள்ள ஒண்ணுகூட விழக்கூடாது. பெரிய ஜெட்டுல நான் வேலை பாத்ததில்ல, அங்க கம்பெனி மேனுவல் என்ன சொல்லுதோ அதுதான் சட்டம், சின்ன விமானத்துலயும் மொதல்ல மேனுவல்தான், அப்புறம்தான் என் பேச்சு.

நாங்க அந்த பேனல் ஹார்னஸ கிட்டத்தட்ட முழுக்க நூல்ல கட்டினோம், 43 முடிச்சு, எனக்கும் கூட இருந்த பையனுக்கும் ஒரு பகல் பூரா போச்சு, டைல கட்டியிருந்தா ஒரு மணி நேரம். இதுவரைக்கும் மூணு இன்ஸ்பெக்‌ஷன் பாத்துட்டேன், ஒரு முடிச்சும் நகரல, கறுப்புத் தூளும் இல்ல. அஞ்சு வருஷக் கணக்கு சொல்ல இன்னும் நாள் இருக்கு. சைடு பேனல் பின்னாடி கை நுழையாத இடத்துல மட்டும் நாலு டை விட்டிருக்கேன், அது நாலையும் வொர்க் ஷீட்ல குறிச்சு வச்சிருக்கேன், ஒவ்வொரு தடவையும் கண்ணாடி விட்டுப் பாக்குறேன்.

அண்ணன் மகன் இப்ப மர ரூல்தடியில பழைய ஒயர சுத்தி வச்சுக்கிட்டு முடிச்சுப் போட்டுப் பழகுறான். ஊருக்குப் போறப்ப நான் வச்சிருந்த நூல்ல பத்து கஜம் வெட்டிக் குடுத்துட்டு வந்தேன்.