ராமன் நுண்ணோக்கியில் ஈரல் திசு: சில வருட அனுபவம்

எலி ஈரல் திசுவைக் கான்ஃபோகல் ராமன் நுண்ணோக்கியில் சில வருடங்களாகப் பார்த்துவருகிறேன். லேசரைப் புள்ளி புள்ளியாகத் திசுவில் அடித்து, நிறம் மாறிச் சிதறும் ஒளியை வைத்து அங்கே என்ன மூலக்கூறு இருக்கிறது என்று சொல்லும் கருவி இது. சாயமே போடாமல் கொழுப்பு எங்கே, புரதம் எங்கே என்று காட்டும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அவசரக்காரர்களுக்கான கருவி இல்லை.

சிதறும் ஒளியில் கோடி ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) ஒன்று என்ற கணக்கில்தான் நிறம் மாறிய ராமன் சிக்னல் கிடைக்கும். 100 மைக்ரான் சதுரத்தை 1 மைக்ரான் இடைவெளியில் எடுத்தால் 10,000 புள்ளிகள். புள்ளிக்கு 1 விநாடி வைத்தாலே மூன்று மணி நேரம் நெருங்கிவிடும். இடையில் ஏசி ஏறி இறங்கினால் ஃபோகஸ் நகர்ந்து, படத்தின் கீழ்ப்பாதி மங்கிவிடும். (1928-ல் கல்கத்தாவில் சி.வி. ராமனும் உடன் ஆய்வு செய்த கே.எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியில், வெறும் கண்ணால் இந்த மங்கலான ஒளியைப் பார்த்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.) கருவி சரியாக அளக்கிறதா என்று அறிய, தினமும் காலையில் சிலிக்கான் துண்டை வைத்து 520.5-ல் பீக் (வரைபடத்தில் கூர்மையாக எழும் முகடு) வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். (இங்கே சொல்லும் பீக் எண்கள் எல்லாம் ஒளியின் நிறம் எவ்வளவு மாறியது என்பதைக் குறிக்கும் செ.மீ.⁻¹ அலகில்.)

உண்மையான செலவு ஸ்லைடில் இருக்கிறது. 785 நானோமீட்டர் லேசரில் சாதாக் கண்ணாடி ஒரு பெரிய மேட்டைக் கிளப்பி, திசுவின் பீக்குகளை மூழ்கடித்துவிடும். கால்சியம் ஃபுளோரைடு ஸ்லைடுக்கு 322-ல் ஒரே ஒரு பீக், அதனால் தொந்தரவில்லை. ஆனால் ஒரு துண்டின் விலைக்குச் சாதா ஸ்லைடு பெட்டி பெட்டியாக வாங்கலாம். கழுவிக் கழுவித்தான் பயன்படுத்துகிறோம்.

பாரஃபின் மெழுகுக் கட்டியில் பதித்து வெட்டிய திசு இன்னொரு தலைவலி. 1062, 1133, 1296 என்று மெழுகின் பீக்குகள் வந்து நிற்கும். மெழுகைக் கரைக்கும் சைலீனில் கழுவினாலும் முழுதாகப் போகாது, திசுவின் சொந்தக் கொழுப்புதான் அதோடு போய்விடும். கொழுப்பு பார்க்க வேண்டுமென்றால் உறையவைத்து வெட்டிய திசுதான் சரி.

அப்படி எடுத்த திசுவில் கொழுப்பின் 2850 பீக்கை வைத்துப் படம் போட்டால் கொழுப்புத் துளிகள் தனித்தனியாகத் தெரியும். ஒரு துளிக்குள் இரட்டைப் பிணைப்பின் 1656 பீக்கை, கொழுப்புச் சங்கிலியின் 1440-உடன் ஒப்பிட்டால், அந்தக் கொழுப்பு எவ்வளவு நிறைவுறாதது என்பதும் பிடிபடும். ஆயில் ரெட் ஓ சாயம் துளியைச் சிவப்பாகக் காட்டும், அவ்வளவுதான். இந்த ஒரு வசதிக்காகவே மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறேன்.

முழு வெட்டுத் துண்டையும் வேகமாகப் பார்க்க அகச்சிவப்பு இமேஜிங்தான் (மூலக்கூறுகள் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதை வைத்துப் படம் எடுப்பது) ஏற்றது. ஆனால் அதன் நுணுக்கம் சில மைக்ரான்களோடு நின்றுவிடும், ஈரமான சாம்பிளில் தண்ணீர் 1640 பக்கம் வந்து புரதத்தின் அமைடு பீக்கை மறைக்கும். உயிருள்ள செல் என்றால் திரும்ப ராமனிடம்தான் வர வேண்டும்.

வாங்கும் எண்ணம் இருந்தால் உங்கள் சாம்பிளையே கொண்டுபோய் டெமோ கேளுங்கள். விற்க வருபவர்கள் வைத்திருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மணியில் எந்தக் கருவியும் அழகாகத்தான் படம் காட்டும்.