பெங்களூரு - மைசூரு சாலையின் வேகக் கட்டுப்பாடு: கேமரா வந்த நாளிலிருந்து ஓட்டிப் பார்த்ததில்

ஓசூரிலிருந்து மைசூருக்கு மாதம் இரண்டு முறை நானே கார் ஓட்டிக்கொண்டு போய் வருகிறேன். அக்கா வீடு அங்கே, அம்மாவும் இப்போது அவளோடுதான். ஹோட்டலுக்கு எழுதுகிறோம், செல்போனுக்கு எழுதுகிறோம், டோல் கட்டி வரி கட்டி நாம் வாங்குகிற இந்தச் சேவைக்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன். சாலையைப் பற்றி இல்லை, சாலை நன்றாகவே இருக்கிறது. அதில் மணிக்கு நூறு கிலோமீட்டர் என்கிற வரம்பைத் தாண்டிப் போகிறவர்களை எப்படிப் பிடிக்கிறார்கள், எவ்வளவு கறாராகப் பிடிக்கிறார்கள், அதனால் என்ன மாறியது என்பதுதான் விஷயம்.

மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. நான்கு கொடுக்க மனம் இருந்தது, கொடுக்க முடியவில்லை.

இந்தச் சாலை 2023 மார்ச் 12 அன்று திறக்கப்பட்டது. நடுவில் ஆறு வழி, இரண்டு பக்கமும் இரண்டு வழி சர்வீஸ் ரோடு, பிடதி, ராமநகரம், சன்னபட்டணா, மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணா எல்லாவற்றுக்கும் புறவழி. முன்பு ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போன இடத்தில் திடீரென்று தடையே இல்லாத 119 கிலோமீட்டர். என்ன நடக்கும்? எல்லோரும் காரின் முழு வேகத்தையும் அங்கேதான் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அந்தச் சாலையில் செத்தார்கள். அந்த ஏப்ரலில் ஒரு முறை நான் 95-ல் போய்க்கொண்டிருந்தபோது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்கள் என்னைக் கடந்து போயின, என் வண்டி அசைந்தது. பின்சீட்டில் அம்மா. அந்த நொடி இன்னும் மறக்கவில்லை.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் எல்லாம் நடு வழியில் வரக்கூடாது என்றார்கள். அப்போது கர்நாடகத்தில் போக்குவரத்து, சாலைப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த கூடுதல் டி.ஜி.பி. அலோக் குமார் நேரடியாக இறங்கி வேலை பார்த்தார். வேகத்தை அளக்கிற ஸ்பீடு கன் பிடித்த போலீஸ், வேகமாகப் போகிறவர்களைப் பிடிக்கிற இன்டர்செப்டர் வண்டி, அப்புறம் 2024-ல் கேமரா. கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கிறது, வேகத்தைப் பார்க்கிறது, சீட் பெல்ட் போட்டிருக்கிறோமா, கையில் போன் இருக்கிறதா என்பதையும் பார்க்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் கர்நாடகம் முழுவதும் 130-ஐத் தாண்டினால் அபராதத்தோடு முடியாது, எஃப்.ஐ.ஆர். போடுவோம் என்றும் அறிவித்தார்கள். அந்த வருடம் இந்தச் சாலையில் இறந்தவர்களின் எண்ணிக்கை முந்தின வருடத்தில் பாதிகூட இல்லை. எனக்கு இந்த ஒரு வரி போதும், மீதி எல்லாக் குறைகளையும் இதற்குப் பிறகுதான் வைப்பேன்.

ஸ்பீடு கன் காலத்துக்கும் கேமரா காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்டியரிங் பிடித்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். முன்பு பாலத்துக்கு அடியில் ஒரு போலீஸ் ஜீப் நிற்கும், அதைப் பார்த்ததும் எல்லோரும் பிரேக் அடிப்பார்கள், இருநூறு மீட்டர் தாண்டியதும் மறுபடி அதே வேகம். அந்தத் திடீர் பிரேக்கே ஆபத்து, பின்னால் வருகிறவன் என்ன செய்வான்? கேமரா தொடர்ந்து வர ஆரம்பித்ததும் இந்த ஆட்டம் முழுசாக நிற்கவில்லை என்றாலும் நிறையவே குறைந்தது. இப்போது பெரும்பாலான கார்கள் 90-க்கும் 100-க்கும் இடையில் ஒரே சீராகப் போகின்றன. முன்னால் போகிறவர் என்ன செய்வார் என்று ஊகிக்க முடிகிறது. ஓட்டி முடித்து இறங்கும்போது தோள்பட்டை வலிக்காததே எனக்குப் பெரிய மாற்றம்.

எனக்கும் ஒரு முறை வந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அக்கா போன் செய்த நாள், மண்டியா தாண்டி எங்கேயோ 118. தமிழ்நாட்டு நம்பர், யார் கேட்கப் போகிறார்கள் என்கிற நினைப்பு ஓரத்தில் இருந்திருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் எஸ்.எம்.எஸ். வந்தது, திறந்தால் என் காரின் படம், நேரம், இடம், வேகம். ஆயிரம் ரூபாய். கட்டினேன். கோபம் வரவில்லை, ஏனென்றால் பேரம் இல்லை, "என்ன சார் பார்த்துச் செய்யலாமா" என்கிற பேச்சு இல்லை, ரசீது இல்லாமல் கை மாறுகிற காசும் இல்லை. சட்டப்படியும் இப்படித்தான் இருக்க வேண்டும். கேமரா மூலம் பிடிப்பதற்கென்றே 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்கிற விதியைச் சேர்த்தார்கள்: கண்காணிப்பு இருக்கிறது என்று முன்கூட்டியே பலகை வைக்க வேண்டும், தவறு நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்த அளவில் எனக்குக் கிடைத்தது சரியான சேவைதான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 119 கிலோமீட்டரை 100-ல் போனால் 71 நிமிடம், 130-ல் போனால் 55 நிமிடம். மிச்சம் 16 நிமிடம், அதுவும் முழுத் தூரமும் கால் எடுக்காமல் 130-ல் போனால். அந்தப் பதினாறு நிமிடத்துக்காக மோதலின் வலிமையை எழுபது சதவீதத்துக்குப் பக்கத்தில் கூட்டுகிறோம், வேகம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்காகும், அந்தக் கணக்கில்தான் ஏறும். 130-ல் ஒரு நொடிக்கு 36 மீட்டர் போகிறோம், நாய் ஒன்று குறுக்கே வந்தால் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 36 மீட்டர் போய்விடும்.

மத்தூரில் வடை சாப்பிட சர்வீஸ் ரோட்டில் இறங்கினேன், அங்கே சேலத்து டாக்சிக்காரர் ஒருவரோடு பேச்சு. "அண்ணே, கேமரா உங்களுக்குத் தொந்தரவா இல்லையா?" என்றேன். "எங்க வண்டியில 80-க்கு மேல போகாதபடி லாக் இருக்கும்மா, எனக்கு என்ன தொந்தரவு? முன்னெல்லாம் பின்னாடி வந்து ஹை பீம் அடிச்சு விரட்டுவாங்க. இப்ப அது குறைஞ்சிருக்கு, அதுவே நிம்மதி" என்றார். வேகக் கட்டுப்பாட்டால் யாருக்கு நன்மை என்று கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன்.

இனி, ஏன் மூன்றரை.

பெரிய குறை, தள்ளுபடி. 2023 பிப்ரவரியில் நிலுவை அபராதத்தைப் பாதி கட்டினால் போதும் என்று கர்நாடக அரசு சொன்னது, வரிசையில் நின்று கட்டினார்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் அதே. ஒழுங்காக உடனே கட்டியவர் முழுசாகக் கட்டினார், இரண்டு வருடம் இழுத்தடித்தவர் பாதி கட்டினார். இது தெரிந்த பிறகு யார் உடனே கட்டுவார்கள்? என் அக்கா வீட்டுக்காரரே, "அவசரப்படாதே, அடுத்த தள்ளுபடி வரும்" என்றார். மாமாவிடம் வாதாட எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஆடித் தள்ளுபடி துணிக்கடைக்குச் சரி, உயிர் காக்கிற சட்டத்துக்கு வேண்டாம்.

அடுத்து, கேமரா இருக்கிற இடங்களின் பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, வழக்கமாகப் போகிறவர்களுக்கு மனப்பாடம். கேமராவுக்கு முன்னால் 98, தாண்டியதும் 125. இதற்கு மருந்து இரண்டு இடங்களுக்கு இடையே எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடுவது. மும்பை - புனே விரைவுச் சாலையில் அதைச் செய்கிறார்கள். நுழைவும் வெளியேறலும் கட்டுப்பாட்டில் இருக்கிற இந்தச் சாலையிலும் அது முழுத் தூரத்துக்கும் வர வேண்டும்.

லாரிகள் வலது ஓரத்தில் அறுபதில் போவதும், அவர்களை இடப்பக்கமாக முந்துவதும் அப்படியே இருக்கிறது. வேகத்துக்கு இருக்கிற கறார் இதற்கு இல்லை. எனக்கு இப்போது பயம் தருவது 110-ல் போகிறவரைவிட இதுதான்.

தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பி வந்தால் மனசு கனக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி வழியாகச் சென்னை போகும் சாலையில் வேகப் பலகைகள் இருக்கின்றன, பிடிப்பதுதான் எப்போதாவது. எங்கேயாவது ஸ்பீடு கன் வைத்து நின்றால் எதிரே வருகிறவர்கள் லைட் அடித்து எச்சரிக்கிறார்கள், அதை உதவி என்று நினைத்துச் செய்கிறோம். யாரை எச்சரித்தோம், அவர் அதற்குப் பிறகு எந்த ஊர் குறுக்குச் சாலையில் யாரை இடித்தார் என்று யோசிப்பதில்லை. நான் லைட் அடிப்பதை விட்டுவிட்டேன். இந்தச் சென்னைச் சாலையில் ஊர்கள் குறுக்கிடுகின்றன, பள்ளிப் பிள்ளைகள் நடந்து கடக்கிறார்கள், மைசூர் சாலையைவிட இங்கேதான் கறார் தேவை. 2022-ல் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். அதே வருடம் நாடு முழுவதும் சாலையில் செத்தவர்களில் நூற்றுக்கு 71 பேருக்கு அதிவேகம்தான் காரணம் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. 2022 அக்டோபரில் இங்கே அபராதத்தை உயர்த்தினார்கள், சரி. தொகை எனக்குப் பெரிய விஷயமில்லை. நூறு பேரில் ஒருவரைப் பிடித்து ஐயாயிரம் வாங்குவதைவிட நூறு பேரையும் பிடித்து ஐந்நூறு வாங்கினால் சாலை அமைதியாகிவிடும். மைசூர் சாலையில் அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள செல்போன் எண் பழையதாக இருந்தால் கிளம்புவதற்கு முன் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அபராதம் வந்ததே தெரியாது. அப்புறம், "உங்கள் வண்டிக்குச் செலான்" என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு, அதாவது போனில் செயலியாக இறங்குகிற கோப்பு, யாராவது அனுப்பினால் தொடாதீர்கள். அது மோசடி, இறக்கினால் வங்கிக் கணக்கு காலி. அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், அங்கே இருந்தால் மட்டும் கட்டுங்கள்.