அம்மாவின் பிரஷரும் கிருஷ்ணகிரியில் மூன்று வாரமும்

சிங்கப்பூரிலிருந்து மாம்பழ சீசனுக்கு ஊர் வந்த மறுநாளே, வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் அக்கா ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். 2021 ஆகஸ்டில் இந்தத் திட்டம் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். நேரில் இப்போதுதான் பார்க்கிறேன்.

அம்மாவைச் சாய்ந்து உட்காரவைத்து, கையை மேசைமேல் வைக்கச் சொன்னார். அம்மா மாங்காய் விலையை ஆரம்பிக்க, "அஞ்சு நிமிஷம் பேசாம இருங்கம்மா, அப்புறம் சொல்லுங்க" என்றார். 172/98. மறுபடி பார்த்தால் 168/96. "மூணு மாத்திரை போட்டும் இறங்கலையே, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணா."

டவுனில் ஒரு கிளினிக்கில் மூன்று வருஷமாக மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பொட்டாசியம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று அம்மா சொன்னதை வயசு என்று தள்ளிவிட்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓபி சீட்டுக்கு ஒன்றரை மணி நேரம். ஆனால் உள்ளே இருந்த டாக்டரம்மா கால் பிடிப்பைக் கேட்டதுமே ரத்தம் எடுக்கச் சொன்னார். பொட்டாசியம் 2.9, குறைந்தது 3.5 இருக்க வேண்டும்.

சீட்டின் பின்பக்கம் கிட்னி ஒன்றை வரைந்து, அதன் தலையில் சின்னதாக அட்ரினல் சுரப்பியையும் வரைந்தார். அதன் உள்பகுதி விடும் நாரட்ரினலின் என்ற ஹார்மோன், ரத்தக்குழாய்ச் சுவரின் தசையை இறுக்குகிறது. குழாய் குறுகினால் அழுத்தம் ஏறும். வெளிப்பகுதி விடும் கார்டிசால், அந்த இறுக்கத்துக்குக் குழாயை இன்னும் எளிதில் இணங்கவைக்கிறது. அதே வெளிப்பகுதியின் ஆல்டோஸ்டிரோன், கிட்னியில் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் விட்டுவிடுகிறது. உப்போடு தண்ணீரும் தங்குவதால் பிரஷர் இறங்காது. "அம்மாவுக்கு இந்த ஆல்டோஸ்டிரோன் அதிகமா சுரக்குதுன்னு சந்தேகப்படறேன். ஊறுகாயை நிறுத்துங்க."

முதலில் பொட்டாசியத்தைச் சரிசெய்தார்கள். பிறகு ஆல்டோஸ்டிரோன், அதைச் சுரக்கத் தூண்டும் ரெனின் இரண்டின் பரிசோதனைக்கு ரத்தத்தை வெளி லேபுக்குக் கொடுத்தோம். வர ஐந்து நாள் ஆனது. ரெனின் அடிமட்டம், ஆனாலும் ஆல்டோஸ்டிரோன் கூடுதல்; சுரப்பி தானாகவே அதை அதிகம் விடுகிறது என்று அர்த்தம். ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை தொடங்கியாயிற்று. பெற்றோருக்கு மூன்று மாத்திரைக்கும் பிரஷர் அடங்கவில்லை என்றால் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று அடுத்த மாதம் சிடி ஸ்கேன். ஒரே பக்கம்தான் கோளாறு என்றால் ஆபரேஷனில் எடுத்துவிடலாமாம். அதற்கு நான் மறுபடி வருகிறேன். போன வாரம் அந்த அக்கா பார்த்தபோது 142/86. கால் பிடிப்பு இல்லாமல் தூங்குவதாக அம்மா போனில் சொன்னார்.